அனுப்பம்பட்டில் நிற்காத ரயில்

மீஞ்சூர் தாண்டியதும் ரயில் மறுபடியும் கவிழ்ந்தது. என் புருஷன் தணிகாசலம் கூடத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்து, பொம்மைத் தண்டவாளத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மீஞ்சூர் என்பது சோப்பு அட்டையில் மஞ்சள் பெயிண்ட் அடித்து அவரே எழுதிவைத்த பெயர்ப்பலகை. கும்மிடிப்பூண்டி டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, பொன்னேரி சன்னலோரம், மீஞ்சூர் பீரோ பக்கம். இவற்றுக்கு நடுவே பெயிண்ட் பக்கெட்டில் மணல் கொட்டி நட்ட சவுக்குக் கிளைதான் எங்கள் கிறிஸ்துமஸ் மரம். எங்கள் பக்கத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது சும்மா நிற்காது, ஊசி ஊசியாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். நமக்கு அது குப்பை, அந்த பேட்டரி ரயிலுக்கோ பாதையில் மரம் விழுந்த மாதிரி.

தணிகாசலம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். பாரிமுனைக்கு வயர் வாங்கப் போன மனுஷன் வயரை மறந்துவிட்டு இந்த ரயிலோடு திரும்பி வந்தார். ஒரு இஞ்சின், இரண்டு பெட்டி, கடைசியில் மூடியில்லாத ஒரு கூட்ஸ் வண்டி. கூடவந்த தண்டவாளம் பக்கெட்டைச் சுற்றிவரப் போதவில்லை என்று அடுத்த லீவுக்கு மறுபடியும் ஓடினார். பெட்டிகளுக்கு லோக்கல் வண்டியின் நிறத்தைப் பூசினார். வீட்டில் ஒரு குழாய் ஒழுகுகிறது, அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ரயிலுக்கென்றால் மட்டும் வேலை முடிந்து வந்து கைகால் கழுவுவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு அந்த ரயிலைப் பார்த்தாலே பயம். என் அப்பா தாவீதுக்கு ரயில் என்ற பேச்சே ஆகாது, காரணம் நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் மீஞ்சூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். காலை லோக்கலில் போவேன். அப்போது அத்திப்பட்டில் வேலையிலிருந்த தணிகாசலமும் அதே வண்டியில் வருவார். பார்த்தோம், பேசினோம், கடைசியில் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டோம். மாப்பிள்ளை வேறு மதம், மாதா கோயிலில் கல்யாணமும் இல்லை. “ரயில்ல புடிச்ச மாப்ள எனக்கு வேணாம்” என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்காக என்னோடு உறவையே அறுத்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. ஞாயிறு பூசை முடிந்து பார்த்தால் “சாப்டியா” என்று கேட்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவிடம் மாத்திரை கொடுத்தனுப்புவார். ஆனால் நாலு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டுப் படியை மட்டும் ஏற மாட்டார். தணிகாசலத்தோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சில் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘அந்த ரயில்காரன்’ என்பார்.

கேரல் ரவுண்டு வரும்போதுதான் இந்தக் கூத்து ஊருக்கே தெரியும். டிசம்பரில் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து கேரல் குழு வீடு வீடாக வந்து பாடி, ஜெபம் சொல்லி, பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போகும். அந்தக் குழுவுக்கு டோலக் என் அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு வந்த இரண்டு கிறிஸ்துமஸிலும், பாடுகிறவர்கள் எல்லாரும் என் வீட்டுக்குள் வந்துவிட, அவர் மட்டும் கேட்டுக்கு வெளியே கரண்ட் கம்பத்தடியில் நின்றபடி அடித்தார். பாட்டு உள்ளே, தாளம் வெளியே. அப்படியும் ஓர் அடி பிசகவில்லை. வீம்பிலும் மனுஷன் வேலையில் சுத்தம். பாடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். நானும் சிரித்த முகமாகவே கேக் கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். இந்த வருஷமாவது அப்பா உள்ளே வந்து நின்று அடிக்க வேண்டும், கிறிஸ்துமஸுக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தேன். இந்த நேரம் பார்த்து நடுக்கூடத்தில் ரயில் ஓட்டினால் அவரை வேண்டுமென்றே சீண்டுவது போல ஆகாதா?

“கேரல் வர்ற அன்னிக்கு மட்டும் இத்த தூக்கி பரண் மேல வச்சிடலாங்க” என்றேன்.

“ரயில் இன்னா பண்ணுச்சி பிரின்சி?”

“அப்பாவுக்குப் புடிக்காது.”

“உங்கப்பாவுக்குப் புடிக்காதது ரயிலா, நானா?”

“ரெண்டும்தான்.”

“அப்ப ரயில மட்டும் வச்சா பத்தாது. என்னியும் தூக்கி பரண் மேல வையி” என்றார், தரையிலிருந்து தலையைத் தூக்காமலே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு சண்டையை எங்கே தொடர்வது, விட்டுவிட்டேன்.

சவுக்கு ஊசிக்கும் அவரே வழி கண்டுபிடித்தார். கிழிந்த கொசுவலையை வெட்டி, கீழ்க்கிளைகளுக்கு அடியில் பாவாடை மாதிரி சுற்றிக் கட்டினார். ஊசியெல்லாம் அதில் தங்கிவிட்டது. கேரல் வரவேண்டிய அன்று காலையில் ரயில் கும்மிடிப்பூண்டியில் கிளம்பி, பொன்னேரி, மீஞ்சூர் தாண்டி, கவிழாமல் மறுபடி கும்மிடிப்பூண்டிக்கே வந்து சேர்ந்தது. என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இருவரும் பல் கூடத் தேய்க்காமல் அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பயத்தையெல்லாம் மீறி எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் நான் அடுக்களையில் இருந்தேன். அம்மா காலையிலேயே அச்சு முறுக்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதைத் தட்டில் அடுக்கி, கேக்கை வெட்டி, காபிக்குப் பால் வைத்தேன். கூடத்தில் குடிலையும் முன்பே வைத்தாகிவிட்டது. மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடு, மாடு எல்லாரும் வைக்கோலில் நின்றார்கள். குழந்தை இயேசு மட்டும் இல்லை. எங்கள் வழக்கத்தில் குழந்தையைக் கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைத்துவிடுவோம். இருபத்து நாலாம் தேதி இரவுப் பூசை முடிந்து வந்த பிறகு, வீட்டுக்குப் பெரியவர் கையால்தான் குடிலில் வைப்பது. என் பிறந்த வீட்டில் அப்பா வைப்பார். இங்கே பெரியவர் என்று யார், இரண்டு வருஷமும் நானே வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு இரவும் தணிகாசலத்துக்கு நைட் ஷிஃப்ட். காலையில் வந்தால் குடிலில் குழந்தை இருக்கும். அது எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்திருக்க மாட்டார். நானும் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று தோன்றவுமில்லை.

இருட்டத் தொடங்கியதும் தெருமுனையில் டோலக் கேட்டது. பால் பொங்கிவிடக்கூடாதே என்று நான் அடுப்பை விட்டு நகரவில்லை. கேட் திறக்கும் சத்தம், செருப்புகள் கழலும் சத்தம், கூடத்துக்குள் பாட்டு. அம்மாவின் குரல் தனியாகத் தெரிந்தது. டோலக் மட்டும் வழக்கம்போல வெளியிலிருந்து வந்தது. சரி, இந்த வருஷமும் அவ்வளவுதான் என்று பாலை இறக்கினேன்.

காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது ஏதோ சரியில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் ஆடிக்கொண்டிருந்த ஜெயராஜ் அண்ணன் இடுப்பில் கைவைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். பாட்டு ஒவ்வொரு குரலாகக் கழன்றது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ரயில் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியிலிருந்த கூட்ஸ் வண்டியில் பஞ்சு பரப்பி, அதன்மேல் குழந்தை இயேசு. அதுவும் சும்மா இல்லை. திருத்தணிக்குப் போய்வந்தபோது தணிகாசலம் கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றால், குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. சுவாமி வீதியுலா போவது போல குழந்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பொன்னேரியைத் தாண்டிப் போனது. பக்கத்தில் தணிகாசலம், எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற பெருமையோடு நின்றார்.

வெளியே டோலக் நின்றுவிட்டது. கதவு முழுக்கத் திறந்திருந்தது, கம்பத்தடியிலிருந்து பார்த்தால் மரம் நேராகத் தெரியும். இனி ஜென்மத்துக்கும் இந்தத் தெருப்பக்கம் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா வந்தார். கேட்டைத் தள்ளி, படியேறி, அந்த வேகத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு, டோலக்கை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போய்க் குந்தினார். கை நீட்டுவதற்குள் ரயில் மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், கொசுவலை மறைத்தது. ரயிலை நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, தணிகாசலத்துக்குக்கூட. வேறு வழியில்லாமல் என் அப்பா பொன்னேரி பலகைக்குப் பக்கத்தில் கையை நீட்டியபடி, வண்டிக்குக் காத்திருக்கிற பயணி மாதிரி அது வருகிற திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயராஜ் அண்ணனின் பஞ்சுத்தாடி சிரிப்பில் குலுங்கியது. ரயில் வந்தது. இரண்டு விரலால் கூட்ஸ் வண்டியைப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். எலெக்ட்ரீஷியன் போட்ட முடிச்சு, லேசில் அவிழவில்லை.

“ஏன் நைனா,” என்றார் தலைநிமிராமல், “கொழந்தைய யாராவது கட்டிப்போட்டு கூட்ஸ் வண்டில ஏத்துவாங்களா?”

அவர் தணிகாசலத்தோடு பேசிய முதல் வார்த்தை அது. தணிகாசலம் பக்கத்தில் குந்தினார்.

“வளைவுல விழுந்துடப் போவுதுன்னுதான் மாமா கட்டனேன். குடிசை காலியா கெடந்துச்சி. பிரின்சி மறந்துட்டா, எல்லாரும் வர்ற நேரத்துல தப்பா பேசுவாங்கன்னு பீரோல தேடி எடுத்தேன்.”

“இருபத்தி நாலாந்தேதி ராத்திரிதான் பொறக்கணும். நீ இன்னான்னா கொறமாசத்துல பொறக்க வச்சி ஊரச் சுத்திக் காட்டிக்கினு கீற.”

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முடிச்சு அவிழ்ந்து குழந்தை கைக்கு வந்ததும் அப்பாவே ஒருமுறை சிரித்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரில் நானும் தணிகாசலமும் நிற்கிற போட்டோ, மூலையில் சாமி படங்கள், டிவி மேல் மாதா சொரூபம், கையில் காபித் தட்டோடு நான். “வாங்கப்பா” என்ற வார்த்தை என் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் எங்கே எழுந்து போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. அம்மா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினாள். தம்ளரை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மஞ்சள் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் நடுவுல அனுப்பம்பட்டு எங்க?”

அப்பா பிறந்த ஊர் அது. தணிகாசலம் என்னைப் பார்த்தார். எனக்கும் அது தோன்றவே இல்லை.

“எடம் பத்தல மாமா.”

“ஏன், அந்த ஊர்ல மனுஷன் எறங்க மாட்டானா? பீரோவ நவுத்து, எடம் தானா வரும்.”

ஜெயராஜ் அண்ணன் தாடியைச் சரிசெய்துகொண்டு பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்பா எழுந்து டோலக்கை முன்னால் இழுத்துக்கொண்டார். கூரையும் சுவரும் இருக்கிற இடத்தில் டோலக் எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். தட்டிலிருந்த தம்ளர்கள் அதிர்ந்தன. எனக்கு அழுகை வந்தது. இந்த முறை குளியலறைக்குப் போகவில்லை, அங்கேயே நின்று எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே பாடினேன்.

ஜெபம் முடிந்து எல்லாரும் செருப்பு தேடினார்கள். அப்பா குழந்தையைக் கைக்குட்டையில் சுற்றித் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“அப்பா, அது எங்க ஊட்டு கொழந்தப்பா” என்றேன்.

“இங்க வுட்டா இவன் மறுபடியும் டூர் இட்டுக்கினு போவான். பூச முடிஞ்சி நானே எடுத்தாந்து வைக்கிறேன்.” கேட்டைத் திறந்துகொண்டே சொன்னார், யார் முகத்தையும் பார்க்காமல்.

தணிகாசலம் அதற்குள் பீரோவின் ஒரு பக்கத்தைத் தூக்க ஆரம்பித்திருந்தார். நான் கேட்டைப் பிடித்தபடி நின்றேன். மதியம் பெய்த மழையில் தெரு முழுக்கத் தண்ணீர். ஜெயராஜ் அண்ணன் சிவப்புப் பேண்டைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு தாண்டினார், பின்னால் மற்றவர்களும் தாண்டிப் போனார்கள். அப்பா மட்டும் தாண்டவில்லை. சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு, சுவரை ஒட்டி, தண்ணீரைச் சுற்றி, ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து நடந்துபோனார்.