மூக்கைப் பொத்தாதவள்

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பாலிடெக்னிக் இறுதியாண்டு வகுப்பு மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டது. ஊர்க் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை, பின்னே பன்னீரா மணக்கும்? கைக்குட்டை, சட்டைக் காலர், நோட்டு என்று கிடைத்ததெல்லாம் முகத்துக்கு ஏறியது. கீச்சு மட்டும் கையை வீசிக்கொண்டு நடந்தாள். குரலுக்காக வந்த பெயர் அது. அவள் மூக்கின் கதை வகுப்பில் யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். பாலுக்கு உன்னைக் காவல் வைப்பதற்குப் பூனையையே வைக்கலாம் என்பான் அண்ணன்.

இன்றோ அந்தக் குறையே வரமாகும் போலிருந்தது. வந்தவர்களில் ஒருவருக்கு ஆலையில் பயிற்சி இடம் தரப்போவதாகப் பேச்சு. ஏற்கெனவே மூன்று கம்பெனிகள் அவளுக்குக் கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் அண்ணனின் கிண்டலைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

தொப்பையும் தலைக்கவசமுமாக மேற்பார்வையாளர் முன்னால் நடந்தார். லாரிகள் பின்பக்கமாக வந்து பள்ளத்தில் குப்பையைக் கவிழ்க்கும் கூடம் வந்ததும் பாதி வகுப்பு வாசலோடு நின்றுவிட்டது. கீச்சு கம்பித் தடுப்புவரை போய் எட்டிப் பார்த்தாள். கிரேன் ஏன் குப்பையை அள்ளி அள்ளிக் கொட்டுகிறது என்று கேட்டாள். ஈரமும் காய்ந்ததும் கலந்தால்தான் நெருப்பு சீராக எரியும் என்றார் அவர்.

அவருக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இடம் இவளுக்குத்தான் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, வேலையையும் சொன்னார். லாரி கவிழ்க்கும்போது இந்த வாசலில் நிற்க வேண்டும். பெயின்ட் தின்னர், பெட்ரோல் வாசனை லேசாக அடித்தாலும் நிறுத்தச் சொல்ல வேண்டும். போன வருடம் அப்படி ஒரு லாரி மோப்பத்துக்குத் தப்பிவிட்டதாம், பள்ளம் இரண்டு நாள் எரிந்ததாம்.

கீச்சு கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டால் இடம் கையில். யார் வந்து மூக்குக்குள் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அப்போது பள்ளத்துக்கு மேலே கண்ணாடி அறையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அக்கா, அவளைப் பார்த்துக் கையசைத்தாள். எரிந்தால் நேர் மேலே இருப்பது அந்த அக்காதான். அதற்குமேல் கீச்சால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், எனக்கு வாசனையே தெரியாது. காய்ச்சல்ல போயிடுச்சு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கீச்சுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி வழுக்கையைத் துடைத்துக்கொண்டார்.

"போன வருஷம் இந்த வாசல்ல நின்னது நான்தாம்மா. அன்னைக்கு எனக்குச் சரியான சளி. யார்கிட்டயும் சொல்லலை."

சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் கண்ணாடி அறையைக் காட்டினார்.

"அங்க கண்ணு இருந்தா போதும். திங்கக்கிழமை வந்து அக்காகிட்ட கத்துக்கோ."