அத்தை பல்

வித்யாலட்சுமி சிரித்தாலே குழல்வாய்மொழிக்கு வயிறு எரியும். ஒருநாள் இருநாள் எரிச்சல் இல்லை, பதினாறு வருஷத்து எரிச்சல். புருஷனின் தங்கச்சி என்றால் யாருக்கும் கொஞ்சம் எரியத்தான் செய்யும். ஆனால் இவளுக்கு எரிந்தது அந்தப் பல்வரிசையைப் பார்த்து. சின்னச் சின்னதாக, பிச்சிமொட்டைக் கோத்து வைத்த மாதிரி இருக்கும். குழல்வாய்மொழியின் பற்களோ ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றன. கல்யாண ஆல்பம் முழுக்கப் புரட்டினாலும் அவள் வாய் திறந்த படம் ஒன்று கிடைக்காது. சிரிப்பு வந்தால் கை தானாக வாயைப் பொத்திவிடும்.

தன்னோடு போகட்டும் என்றுதான் இருந்தாள். மகள் சண்முகப்பிரியாவுக்குப் பதிமூன்று வயது. முன்பல் இரண்டுக்கும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பால்பல் விழுந்த இடம் ஐந்து வருஷமாகக் காலியாகவே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கேலி பேசியதிலிருந்து பிள்ளையும் கையை வாய்க்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்துக் கணவன் கோமதிசங்கர் சொன்னான்: "உங்க வீட்டுப் பல்லுல்லா? பின்ன எப்படி இருக்கும்? எங்க வித்யாவைப் பாரு."

பதில் சொல்ல வாயைத் திறந்தால் அந்த வாயே அவன் பக்கம் சாட்சி சொல்லும். குற்றம் தன்மேல் இல்லை என்று யாராவது ஒரு டாக்டர் சொல்லிவிட மாட்டாரா என்று அன்றிலிருந்து அவள் ஏங்கினாள்.

ஆடிச் சாரலுக்கு வழக்கம்போல வித்யா கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். தென்காசியில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே ஐந்தருவிக்குப் போவதாக ஏற்பாடு. "வித்யாவும் கூட வரட்டும், அவதான் டாக்டர்கிட்ட நல்லாப் பேசுவா" என்றான் கோமதிசங்கர். அதுவும் குழல்வாய்மொழிக்குச் சுருக்கென்றது.

டாக்டர் ஜெயபிரியா பிள்ளையின் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினாள்.

"மேல ரெண்டு பல்லு உள்ளயே உருவாகல. முளைக்க ஒண்ணும் இல்ல. இது பெரும்பாலும் பரம்பரையா வரும். வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

குழல்வாய்மொழி மூச்சு விடுவதற்குள் வித்யா முந்திக்கொண்டாள். "எங்க பக்கம் யாருக்கும் கிடையாது டாக்டர். விழுந்த பல்லைச் சாணியில உருட்டிக் கூரைமேல எறிவாங்கல்லா? எனக்கு இந்த ரெண்டையும் எறியவே இல்ல. ஒருநாள்கூட ஆடல, அம்புட்டு உறுதி. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவா எங்கம்மா."

இந்தக் கதையை நூறு தடவையாவது கேட்டு, நூறு தடவையும் பல்லைக் கடித்தவள் குழல்வாய்மொழி. டாக்டர் சிரிக்கவில்லை.

"எந்த ரெண்டு? இப்படி உக்காந்து வாயைத் திறங்க."

வித்யாவையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். "இது ரெண்டும் பால்பல்லு. முளைச்சுத் தள்ள மேல பல்லு இல்ல, அதனால முப்பத்தெட்டு வயசிலயும் நிக்குது. பாப்பாவுக்கு விழுந்துட்டு, உங்களுக்கு விழல. அவ்வளவுதான் வித்தியாசம்."

பிறகு குழல்வாய்மொழியின் முறை. "உங்களுக்கு முப்பத்திரண்டும் முழுசா இருக்கும்மா. பல்லு பெரிசு, தாடை சின்னது, அதான் நெருக்கம். பாப்பாவுக்கு அப்பா வழியா வந்திருக்கும்னுதான் தோணுது. அவருக்கு வெளிய தெரியாமலே இருக்கலாம்."

குழல்வாய்மொழிக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே வந்ததும் கோமதிசங்கருக்குப் போன் போட்டாள். "உங்க வீட்டுப் பல்லுதானாம்" என்றாள். அந்தப் பக்கம் "ம்" என்று ஒரு சத்தம் வந்தது, போன் வைக்கப்பட்டது. இனிமேல் இவன் வாயைத் திறக்கட்டும், பார்க்கலாம்.

ஆட்டோவில் வித்யாவின் நாக்கு அந்த இரண்டு பல்லையே தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அந்தப் பால்பல் இரண்டும் இனி மெல்ல ஆட ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். கை வாயைப் பொத்தியிருந்தது. குழல்வாய்மொழிக்கு அதைப் பார்க்கப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பதினாறு வருஷம் நான் பொத்தினேன், ஒருநாள் இவள் பொத்தட்டுமே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

ஐந்தருவியில் பெண்கள் வரிசை நீண்டு கிடந்தது. சாரல் முகத்தில் அடித்தது. வாயைப் பொத்தியிருந்த அத்தையின் கையைச் சண்முகப்பிரியா பிடித்து இறக்கினாள்.

"அப்போ எனக்கு உங்க பல்லா அத்தை?"

வித்யா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "ஆமாட்டி. என்னை மாதிரியேதான் உனக்கும்."

பிள்ளை சிரித்தாள். கையை வாய்க்குக் கொண்டுபோகாமல், இரண்டு பக்கத்து இடைவெளியும் தெரியச் சிரித்தாள். "அம்மா, கேட்டியா? எனக்கு அத்தை பல்லும்மா!" என்று வரிசையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். வித்யாவும் சிரித்துவிட்டாள். அதே பாழாய்ப்போன அழகுச் சிரிப்பு. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அருவிக்குள் போய்விட்டார்கள்.

குழல்வாய்மொழி துண்டும் பையுமாக வெளியே நின்றாள். வயிறு பழையபடி எரிந்தது. முப்பத்திரண்டு பல்லும் அவளிடம்தான் இருந்தன. அதில் ஒன்றைக்கூட மகள் கேட்கவில்லை.