பொழுதுபட்ட பிறகு காட்டிய படம்

மஞ்சள் பிடி, நீலத் தும்பு, படத்தில் வீடு கூட்டுகிற ஒரு தும்புத்தடி சுவரில் சாய்ந்து நிற்கிறது, அம்மா பார்த்த உடனேயே தும்புத்தடி என்று சொல்லிவிட்டாள், பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்தாலும் சொல் தெளிவாகத்தான் வந்தது, ஆனால் எதிரே இருந்த பேச்சு வைத்திய மதாம் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு சைபர் போடுகிறாள், சுபோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா சரியாத்தான் சொன்னவ என்று பிரெஞ்சில் சீறினாள். இருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும், சோதனை பிரெஞ்சில்தானே என்றாள் மதாம். கோதாரி விழுந்த சோதனை, இதில் தவறினால் அம்மாவை வீட்டுக்கு விடமாட்டார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் இல்லம்தான், தம்பி கேதீஸ் அதற்கு இப்போதே ஓமென்றுவிட்டான், அக்கா, அங்க வடிவாப் பாப்பினம், நீ ஏன் துள்ளுறாய் என்று நேற்றுப் போனில் கேட்கிறான், அவனைப் பெற்றவள் இங்கே ஒரு தும்புத்தடிக்குச் சைபர் வாங்கிக்கொண்டு இருக்கிறாள்.

அம்மாவுக்கா அதற்குப் பிரெஞ்சுச் சொல் தெரியாது, தெரியாமலா இந்தப் பாரிஸில் வீடு வீடாகப் போய்க் கூட்டிக் கழுவினாள், போன்ஜூருக்குப் பிறகு அவளுக்கு வந்த பிரெஞ்சு முழுவதும் ஊரார் வீட்டுச் சாமான்தான், நிலம் துடைக்கிற துணி செர்ப்பியேர், கோப்பை கழுவுகிற பஞ்சு எபோன்ஜ், பிழையான சாமானை எடுத்துக் கொடுத்தால் வீட்டுக்காரிகள் முகத்தைச் சுளிப்பார்கள், அந்தப் பயத்திலேயே படித்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்த சுபோதினி குசினிக்குள் நிற்கிறாள், ஒரே ஆவி, ஆவிக்குள்ளிருந்து அகப்பை மட்டும் நீண்டு வருகிறது, இதுக்கு என்னடி சொல்லுறவையள், லூஷ் அம்மா, லூசோ, நல்ல பேர்தான், சிரித்துக்கொண்டே அம்மா சோற்றைக் கிளறுகிறாள், சொல்லிச் சொல்லிக் கிளறுகிறாள், ஆவி விலகினால் ஆஸ்பத்திரிக் கட்டில், அதே வாய், ஆனால் கோணல், பக்கவாத வருத்தம் வந்து முதலில் துடைத்துக்கொண்டு போனது அந்தப் பிரெஞ்சைத்தான், மிஞ்சியது அவளுடைய சொந்தச் சொல், அதற்குத்தான் இங்கே சைபர்.

உங்கட வீடுகளைக் கூட்டேக்குள்ள எல்லாச் சொல்லும் வைச்சிருந்தவ, தேய்ஞ்சு போச்சு, இனி என்ன வேணும் உங்களுக்கு என்று சுபோதினி போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது. மதாம் பேனாவைக் கொஞ்சநேரம் உருட்டினாள், சரி, உங்கள் மொழியில் சொல்லட்டும், நீங்கள் எனக்கு விளங்கப்படுத்துங்கள் என்றாள். அதன்பிறகு அம்மா வெளுத்து வாங்கினாள், கேத்தில், கதிரை, அகப்பை, தலையணை, மதாமே வியந்துபோய்ப் படத்துக்குமேல் படமாக நீட்டினாள். மாரிகாலம், தேத்தண்ணி நேரத்துக்கே வெளியே இருட்டிவிட்டது, ஒரு தாதி வந்து விளக்கைப் போட்டாள், அம்மா ஏலுமான கையை நெஞ்சில் வைத்து அந்த வெளிச்சத்தைக் கும்பிட்டாள்.

கடைசிப் படம் ஊசி, காதில் சிவப்பு நூல் கோத்த ஊசி. அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இதையும் சொல்லிவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதுவேன் என்றாள் மதாம். சுபோதினி கட்டிலை நெருங்கினாள், சொல்லணை அம்மா, தெரியுமெல்லோ, சொல்லணை. அம்மா ஜன்னல் இருட்டைப் பார்த்தாள், பிறகு மகளை முறைத்தாள், விளக்கு வைச்ச பிறகு உதின்ர பேரைச் சொல்லுறதோடி, வீட்டுக்கு ஆகாதெல்லோ, விடியச் சொல்லுறன்.

எல்லாம் இருக்கிறது, அம்மாவின் தலைக்குள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது, எந்தச் சொல்லை எப்போது சொல்லக்கூடாது என்பதுகூட, சுபோதினிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது, மதாமுக்கு எடுத்துச் சொன்னாள், திருப்பிச் சொன்னாள், மதாமின் முகத்தில் ஒரு பொறுமை வந்து உட்கார்ந்தது, அதைப் பார்க்கத்தான் இன்னும் எரிந்தது. சரி, நீங்கள் அவர் காதில் சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொன்னால் போதும் என்றாள். எவ்வளவு சுகம், ஊசியை எகுய்ய் என்று பிரெஞ்சில் கேட்டால் சுபோதினி இப்போதே நூறு தரம் சொல்வாள், இந்தப் பழைய பேய்க்கதைகளைக் கேட்டு எத்தனை நாள் சிரித்தவள், சொந்த வீட்டில் விளக்கே வைக்காதவள், குனிந்தாள், அம்மாவின் தலையில் தைலம் மணத்தது, சொல் தொண்டைவரை வந்தது, அதற்குமேல் வரவில்லை, அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நிமிர்ந்தாள். எனக்கும் தெரியாது மதாம், எனக்கும் ஒரு சைபர் போடுங்கோ, போட்டிட்டு அம்மாவின்ர சப்பாத்தை எங்க வைச்சனீங்களெண்டு சொல்லுங்கோ, நான் அவவை வீட்டை கூட்டிக்கொண்டு போறன்.