பால் வாங்கப் போனவர்

தியாகலிங்கத்தைப் பால் வாங்க அனுப்பினால், மாடு கன்று போட்டுக் கறந்து முடிந்த பிறகுதான் வருவார் என்பது மனைவி அஜந்தாவின் முறைப்பாடு. டெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை தெருமுனையில்தான் இருக்கிறது. ஆனால் கடை வாசலில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் மனிதர் அங்கேயே வேர்விட்டு விடுவார். அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குப் போனவர் ஒன்றரைக்குத்தான் வந்தார்.

மகள் லக்சனா பழைய கார்ட்டூன்களில் பைத்தியம். அவற்றில் யாராவது வரப் பிந்தினால், மற்றவர்கள் குடிக்கிற பால் பெட்டியில் ‘காணவில்லை’ என்று அவர் முகம் இருக்கும். அவள் அப்பாவின் சிரித்த படத்தைக் கறுப்புக் கரை போட்டு அச்சடித்து, வந்த பால் பெட்டியில் ஒட்டினாள். கீழே பெயர், கடைசியாகக் கண்ட திகதி, பொடி ஆங்கில எழுத்தில் ‘காணவில்லை’ என்று நாலு வரி.

"படம் வடிவா வந்திருக்கு," என்று தியாகலிங்கமே அதைக் குளிர்பெட்டிக்குள் வைத்தார்.

மறுநாள் அபிஷேகத்துக்கு நேரமாகிவிட்டதென்று அஜந்தா கைக்கு அகப்பட்ட பாலைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். அங்கே நடந்தது தியாகலிங்கத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது. கறுப்புக் கரைக்குள் சிரித்த முகம், கீழே பெயரும் திகதியும் என்றால் நம் சனத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஆங்கிலத்தை வாசிக்க யாரும் கண்ணாடி போடவில்லை. "பாவம், மனிசி அதிர்ச்சியிலை நிக்குது," என்றார் ஒருவர். "செத்தவீட்டுத் துடக்கோடை கோயிலுக்கு வரலாமோ?" என்றார் இன்னொருவர். அஜந்தாவிடம் எவரும் கேட்கவில்லை; செய்தி மட்டும் கைப்பேசிகளில் பறந்தது.

வீட்டில் மணி அடித்தது. இடுப்பில் கட்டிய சாரத்தோடு போய்க் கதவைத் திறந்தார் தியாகலிங்கம். வாசலில் அண்ணன் சிவநேசம் வெள்ளைச் சட்டையோடு நின்றார். ஒரு கையில் தேத்தண்ணிப் போத்தல், மறு கையில் இடியப்பப் பார்சல். செத்தவீட்டில் அடுப்பு எரியாது என்று கொண்டுவந்திருந்தார்.

நாலு வருடப் பகை அது. அண்ணன் மகன் பிருந்தனின் கலியாணத்தில் குடும்பப் படம் எடுக்கத் தன்னைக் கூப்பிடவில்லையென்று தியாகலிங்கம் சாப்பிடாமலே எழும்பி வந்துவிட்டார். அதன் பிறகு நல்லது ஒன்றுக்கும் இரு பக்கமும் அழைப்பில்லை. இழவுக்கு மட்டும் எவரும் அழைப்புப் பார்ப்பதில்லை. மணி அடிக்கும் போதெல்லாம் அண்ணனாக இருக்காதா என்று ஏங்கியவர்தான் தியாகலிங்கம். ஆனால் முதலில் கூப்பிட ரோசம் விடவில்லை.

"டேய், நீ சாகேல்லையோ?"

"இல்லை அண்ணை." ஏதோ குற்றம் செய்தவர் மாதிரித் தலை குனிந்தார்.

சிவநேசம் கண்ணைத் துடைத்தார். "அப்ப நான் போறன். உயிரோடை இருக்கிற வீட்டுக்குக் கூப்பிடாமல் வரேலாது."

படியில் இறங்கியவர் நின்றார். "அஞ்சலிக்குப் படம் வேணுமெண்டு வீடு முழுக்கத் தேடினன். உன்ரை படம் ஒண்டு என்னட்டை இல்லையடா. ஆல்பத்திலையும் நீ இல்லை. கூப்பிடாமல் விட்டது என்ரை பிழைதான்."

தியாகலிங்கம் கதவை அகலத் திறந்தார். "குளிருக்கை நில்லாமல் உள்ளுக்கு வாங்கோ அண்ணை," என்றார். நாலு வருடம் வராத சொல் அவ்வளவு லேசாக வந்தது.

கோயிலால் வந்த அஜந்தா இருவரையும் கண்டு முதலில் திகைத்தாள், பிறகு அழுதாள், பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். "பால் எல்லாம் முருகனுக்குப் போயிட்டுது. ரெண்டுபேரும் போய் வாங்கிக்கொண்டு கெதியா வாங்கோ," என்றாள்.

வாசலில் லக்சனா கைப்பேசியைத் தூக்கினாள். "பெரியப்பா, சிரியுங்கோ."

டெப்பனர் வாசலில் அண்ணனும் தம்பியும் நாலு வருடக் கதையை ஆரம்பித்து இரண்டாம் வருடத்துக்கு வரும்போதே இரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டது. தியாகலிங்கத்தின் கைப்பேசி அதிர்ந்தது. லக்சனா ஒரு வெற்றுப் பால் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கறுப்புக் கரைக்குள் இந்த முறை இரண்டு முகங்கள்.

சிவநேசம் அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதை எனக்கும் ஒருக்கா அனுப்படா," என்றார். "ஆல்பத்திலை வைக்கோணும்."