வேலியோரப் புல்

குடிநீர் நிலையத்தின் தொட்டிகளுக்குப் பின்னால் இடுப்பளவு புல் வளர்ந்திருந்தது. காலை பத்து மணிக்கு அதை வெட்டத் தொடங்கினாள் அக்கா. அங்கே புல்வெட்டும் வண்டி ஓட்டுவது அவள்தான். அதே புல்லுக்குள் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள் தங்கை. பூச்சிகளைக் கணக்கெடுப்பது அவள் வேலை.

புல்தாவி என்பது கட்டைவிரல் நகமளவே உள்ள வண்ணத்துப்பூச்சி. அந்த வட்டாரத்தில் பதினொரு வருடமாக அது யார் கண்ணிலும் படவில்லை. முந்தின நாள் இங்கே ஒன்றைப் பார்த்ததும் தங்கை மேலாளரிடம் ஓடினாள்.

"பறக்குறது எங்க இருந்து வேணா வந்திருக்கும்மா," என்றார் அவர். "இங்கதான் குடியிருக்குன்னு காட்டு, புல் வெட்டுறதை நிறுத்துறேன். நாளைக்கு மதியம் அதிகாரிங்க வர்றாங்க. அதுக்குள்ள தரை தெரியணும்."

காட்டுவதென்றால் பறக்காத அதன் புழுவைக் காட்ட வேண்டும். அது ஒரு புல்லிதழின் இரு ஓரங்களையும் இழையால் இழுத்துத் தைத்து, குழலாக்கி, உள்ளே ஒளிந்திருக்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் வண்டி நெருங்கியது. தங்கையின் விரலெல்லாம் புல் கீறி ரத்தம். சுருண்ட இதழ் ஒன்றைப் பிரித்தால் சிலந்தி. இன்னொன்று வெயிலில் தானாகச் சுருண்டது.

"எந்திரிடி! நீ எங்க இருக்கேன்னே தெரியல!" என்று கத்தினாள் அக்கா.

"மெதுவா ஓட்டுக்கா!"

"ஆமை வேகத்துலதான் ஓட்டுறேன். அவர் ஜன்னல்லயே நிக்கிறார்."

கடைசியில் வேலியோரப் பட்டை மட்டும் மிஞ்சியது. அங்கேதான் கிடைத்தது. வெள்ளை இழைத் தையல். உள்ளே கறுப்புத் தலையோடு பச்சைப் புழு. விட்டால் மறுபடி கண்டுபிடிக்க முடியாது. பறித்தால் புழு பிழைக்காது. இதழைப் பிடித்தபடியே "அக்கா!" என்று அலறினாள். இரைச்சலில் அது கேட்கவில்லை. வண்டி நேராக வந்தது. நகர்ந்துவிடு என்றது உடம்பு, கை விடவில்லை. மறு கையால் குறிப்பேட்டை உயர்த்தி ஆட்டினாள்.

ஒரு முழத் தூரத்தில் வண்டி நின்றது.

அக்கா குதித்து இறங்கினாள். அறையக் கை ஓங்கினாள். "புழுவுக்காகச் சாவியாடி நீ? அம்மாகிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்றவள், அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதாள்.

மூச்சிரைக்க ஓடிவந்த மேலாளர் குனிந்து பார்த்தார். பிறகு, "இந்தப் பட்டையைத் தொடாதீங்க," என்றார்.

மாலைக்குள் அங்கே மேலும் மூன்று புழுக்கள் கிடைத்தன. அக்கா இரண்டு நாள் தங்கையோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கட்டுச் சிவப்புக் கொடிகளைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

"இனிமே உட்கார்ற இடத்துல இதை நட்டுட்டு உட்காரு, லூசு."