அவள் கையை விரித்ததற்கு என்ன அர்த்தம்

இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் வகுப்பு வைத்துவிட்டார்கள். நடப்பதற்கு வகுப்பு, உட்காருவதற்கு வகுப்பு, சிரிப்பதற்குக்கூட எங்கேயோ வகுப்பு நடக்கிறதாம். மூச்சு விடுவதற்கு ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கு முன்னால் இவர்கள் எதை விட்டுக்கொண்டிருந்தார்களோ தெரியவில்லை. நான் அதிகம் படித்தவன் இல்லை. மூச்சை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது இத்தனை வயது வரை அதுபாட்டுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது.

என் வீட்டுக்காரியையும் அப்படி ஒரு வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள் என் மகள்.

எங்களுக்கு இஸ்திரிக் கடை. நான் தேய்ப்பேன், அவள் மடிப்பாள். தேய்ப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் மடிப்பு எனக்கு வராது. நான் மடித்த சட்டை யாரோ அதன் மேல் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருக்கும். அவள் மடித்தால் கழுத்துப்பட்டை நிமிர்ந்து புதுச் சட்டை மாதிரி நிற்கும். துணி கொடுக்கிறவன் தேய்ப்பையா பார்க்கிறான், மடிப்பைத்தான் பார்க்கிறான்.

அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கை காதுக்கு மேலே போகவில்லை. தலை வாரிவிடுவதற்கே மகள் வர வேண்டியிருந்தது. மாத்திரை, தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம்தான் இந்த வகுப்பு. உடம்பை உணர்ந்து அசைவதாம். சொல்லிக்கொடுக்கிற பெண் பேசுவதில் பாதி 'மூச்சை விடுங்க' என்பதுதான். அதனால் நான் அவளுக்கு மூச்சு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டேன். மழை பெய்கிற மாதிரி விரலை ஆட்டச் சொல்வாளாம், மரம் மாதிரி நிற்கச் சொல்வாளாம். கொஞ்ச நாளில் கிழவியின் கை மேலே போக ஆரம்பித்தது. அலமாரியின் மேல்தட்டில் இருந்த டப்பாவை அவளே எடுத்தாள். வகுப்பினால்தான் என்றாள் மகள். மாத்திரை லேட்டாக வேலை செய்திருக்கிறது என்று நான் சொன்னேன்.

இதற்குள், அவள் வராமல் நானே மடித்ததில் கடையின் பெயர் கெட்டுவிட்டது. எங்களுக்கு முக்கால்வாசித் துணி பக்கத்து லாட்ஜில் இருந்து வருவது. லாட்ஜ் மேனேஜர் ஒருநாள் மூட்டையைப் பிரித்து ஒரு சட்டையை எடுத்துக் காட்டினார்.

"பெரியவரே, இது மடிச்சதா, சுருட்டுனதா?"

"தேய்ப்பு நல்லாயிருக்குல்ல?"

"தேய்ப்ப யாரு கேட்டா. அம்மா கடைக்கு வர்றாங்களா இல்லையா, சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. வரலைன்னா மெஷின்லயே தேச்சு மடிக்கற கடைக்குக் குடுத்துடுவேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

லாட்ஜ் துணி போனால் கடையை மூட வேண்டியதுதான். வீட்டுக்குப் போன கையோடு சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டேன்.

"தோள்தான் சரியாயிடுச்சே. நாளையில இருந்து கடைக்கு வர்றியா, இல்லையா?"

அவள் அடுப்பைக் குறைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் மெதுவாகப் பக்கவாட்டில் விரித்தாள். பிறகு உள்ளங்கை இரண்டையும் குழாயடியில் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். அப்படியே திரும்பி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். கடைசியாகக் கையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

கையை விரித்துவிட்டாள். கையைக் கழுவிவிட்டாள். முதுகைக் காட்டிவிட்டாள். போதாததற்குத் தலையில் வேறு கையை வைத்துவிட்டாள். ஒரு மனுஷி இதற்கு மேல் எப்படி மாட்டேன் என்று சொல்வாள்.

ஆனால் உடனே டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. கைகழுவினவள் சர்க்கரை பார்த்துப் போடுவாளா?

"வாயில என்ன பூட்டா? தலையையாவது ஆட்டு. ஆமாவா, இல்லையா?"

தலையை இடது தோளில் ஆரம்பித்து, நெஞ்சுப் பக்கம் இறக்கி, வலது தோளுக்குக் கொண்டுபோய், கூரையைப் பார்த்து, முழு வட்டமாகச் சுற்றினாள். அதில் ஆமாவும் இருந்தது, இல்லையும் இருந்தது.

மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா சனிக்கிழமை வரைக்கும் பேச மாட்டாங்கப்பா. சொல்ல வேண்டியதை உடம்பாலதான் சொல்லணும்னு வகுப்புல சொல்லியிருக்காங்க. என்ன பண்ணாங்க, சொல்லு."

சொன்னேன்.

"கையை விரிக்கறது மனசத் திறக்கறதுப்பா. எல்லாத்தையும் ஏத்துக்கறது."

"ஏத்துக்கிட்டாளா? அப்ப கடைக்கு வர்றா."

"அப்படி நேரா அர்த்தம் பண்ணக் கூடாதுப்பா."

"வளைச்சு அர்த்தம் பண்ணா லாட்ஜ்காரர் ஒத்துக்குவாரா?"

போனில் மூச்சை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. இவளும் அந்த வகுப்புக்குப் போகிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

மறுநாள் எதிர்க்கடைத் தையல்காரரிடம் செய்து காட்டினேன். அவர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து என் விரித்த கையை அளந்தார்.

"அண்ணே, இது அகலம். தலைக்கு மேல கை வெச்சாங்கன்னா அது உயரம். அண்ணி ஜன்னலுக்குத் திரை கேக்கறாங்க."

"திரும்பி நின்னாளே?"

"அந்தப் பக்கத்து ஜன்னலுக்கும் சேர்த்து."

"உள்ளங்கையைத் தேய்ச்சாளே?"

"காட்டன்ல வேணுமாம். துணியை நாம இப்படித்தானே தேய்ச்சுப் பாப்போம்."

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கடைசியில் நாற்சந்தியில் நிற்கிற போக்குவரத்துப் போலீஸ்காரரிடம் போனேன். அவர் யூனிஃபார்ம் எங்கள் கடையில்தான் தேய்க்கிறது. கை காட்டுவதையே உத்தியோகமாகச் செய்கிறவருக்குத் தெரியாததா என்று நினைத்தேன்.

"வாயால சொன்னா விளங்காது பெரியவரே, செஞ்சு காட்டுங்க" என்று மேடையை விட்டு இறங்கி எனக்கு இடம் கொடுத்தார்.

ஏறி நின்று கையை விரித்தேன். இரண்டு பக்கத்து வண்டிகளும் நின்றுவிட்டன. உள்ளங்கையைத் தேய்த்தேன். "இது நம்ம சட்டத்துல இல்ல, அடுத்ததுக்குப் போங்க" என்றார். திரும்பி முதுகைக் காட்டினேன். எதிரே வந்த பஸ் என்ன நினைத்ததோ, அதுவும் திரும்ப முயன்று ரோட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டது. தலையில் கையை வைத்தபோது நாலு பக்கமும் அடைத்திருந்தது. பஸ் டிரைவரும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஹாரன் அடித்தார்கள், பிறகு அதுவும் ஓய்ந்துவிட்டது. லாரியில் இருந்து ஓர் ஆள் இறங்கி என்னைப் பார்த்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கையை இறக்கினேன்.

"ஏன் இறக்கிட்டீங்க? இன்னொரு தடவ காட்டுங்க. வண்டிக்குள்ள செஞ்சு பாத்தேன், முதுகுல ஏதோ விட்டுக்குடுத்துச்சு" என்று பக்கத்தில் நின்று கையை விரித்தார். அவருக்குப் பின்னால் பால்காரர், அவருக்குப் பின்னால் பஸ்ஸில் இருந்த பாதிப் பேர். போலீஸ்காரர் மட்டும் சும்மா நிற்பானேன் என்று கழுத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.

அந்த நெரிசலில் மூச்சு டீச்சரும் ஸ்கூட்டரோடு மாட்டியிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பா, உங்களுக்குள்ள எவ்வளவு அடைச்சுக் கிடக்குது."

"அடைச்சுக் கிடக்கறது ரோடும்மா. என் வீட்டுக்காரி இப்படிச் செஞ்சா. இதுக்கு என்ன அர்த்தம், அதச் சொல்லு."

"அது அவங்க அசைவு. அவங்கதான் சொல்லணும். சனிக்கிழமை எல்லார் வீட்டுக்காரங்களும் வர்றாங்க. வகுப்புல இருக்கறவங்க ஒவ்வொருத்தரும் மனசுல இருக்கறத அசைஞ்சு காட்டுவாங்க. வந்து பாருங்க, தெரிஞ்சுக்குவீங்க."

போலீஸ்காரர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், எல்லாரும் நில்லுங்கங்கறாங்க. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அன்றைக்கு எனக்கும் முதுகுவலி குறைவாக இருந்தது. கடையில் துணி குறைவு, அதனால்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். மாடியில் பெரிய ஹால். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். எவனாவது மாற்றிப் போட்டுக்கொண்டு போனால் யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டுத்தான் விட்டேன். வீட்டுக்காரர்கள் எல்லாரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தோம். மகளும் ஆபீஸில் இருந்து நேராக வந்திருந்தாள்.

முதலில் பாங்கில் வேலை பார்க்கிற ஓர் அம்மா மரமாக நின்றார். "வீட்லயும் எது கேட்டாலும் இப்படித்தாங்க நிப்பா" என்று அவர் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். அடுத்து ஒருவர் மேகமாக வந்தார். தொப்பை உள்ள மேகம். நகர்ந்து நகர்ந்து ஜன்னலில் போய் முட்டி, அங்கேயே கலைந்து உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

பிறகு என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள் டீச்சர்.

"உடம்பு இப்ப என்ன கேக்குதோ அதக் குடுங்கம்மா."

கிழவி நடுவில் வந்து நின்றாள். ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று கண் கொட்டாமல் பார்த்தேன். கையை விரிப்பாள் என்று பார்த்தேன், விரிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். ஒரு காலில் இருந்த பாரத்தை மறு காலுக்கு மாற்றினாள். கடையில் மேஜை முன்னால் அவள் நாள் முழுக்க அப்படித்தான் மாற்றிக்கொண்டு நிற்பாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். வெயில் விழாத மூலையாகப் பார்த்துப் போய், தரையில் உட்கார்ந்து, ஒருக்களித்துப் படுத்து, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

"தன்னையே ஒப்படைச்சுட்டாங்க" என்று மூச்சு டீச்சர் மெதுவாகச் சொன்னாள்.

"தூங்கிட்டாம்மா. அந்தக் குறட்டை எனக்குத் தெரியாதா?"

"அதேதான்பா."

மரம் போய்ப் பக்கத்தில் படுத்தது. மேகம் படுத்தது. என் மகள் கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். பாங்கு அம்மாவின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவரும் படுத்துவிட்டார். ஹால் முழுக்க ஆட்கள் கிடந்தார்கள். படுக்காதது டீச்சரும் நானும்தான்.

"நீங்களும் படுங்கப்பா."

"எனக்கு வேலை இருக்கு."

எழுந்து பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். போன் அடித்தது, லாட்ஜ் மேனேஜர். சத்தம் கேட்டுவிடப் போகிறது என்று அவசரமாக எடுத்தேன்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"தூங்கறா."

"எழுப்பிக் கேளுங்க பெரியவரே. மெஷின்காரர் முன்னால உக்காந்திருக்காரு."

ஆட்களைத் தாண்டித் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் குனிந்தேன். தோளைத் தொட்டு எழுப்ப வேண்டும். எந்தத் தோளைத் தொடுவது என்று பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. பகலில் அவள் படுத்து நான் பார்த்தது மகள் பிறந்தபோதுதான். கடையில் சட்டை மடிக்க ஆளில்லாத நேரத்தில் இவள் இங்கே கிடக்கிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் வந்தும் கை போகவில்லை.

வாசலுக்கு வந்து போனைக் காதில் வைத்தேன்.

"மெஷின்காரருக்கே குடுத்துடுங்க."

"வரலைன்னு சொல்லிட்டாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன்."

டீச்சர் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "உங்களுக்குள்ளயும் ஏதோ அசைஞ்சிருக்குப்பா."

"ஒண்ணும் அசையல. மூலையில இருக்கற ஃபேனை நிறுத்து. அந்தத் தோளுக்குக் காத்து ஆகாது."

ஃபேன் நிற்கிறவரை பார்த்துவிட்டுப் படியிறங்கினேன். எனக்கு அந்த வகுப்பில் நம்பிக்கை வரவில்லை, இன்றைக்கும் இல்லை. படுத்தால் எவனுக்கும் வலி குறையும், அதற்கு மாடியும் டீச்சரும் எதற்கு? வீட்டில் கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது. அதில் பகலில் ஒருநாள் சாயாதவள் யாரோ வீட்டு வெறுந்தரையில் வந்து படுக்கிறாள் என்றால் அதற்குப் பெயர் வைத்தியமா? யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். மிச்சம் இருக்கிற சட்டைகளைத் தேய்த்துவிடலாம், மடிப்பு எப்படி வருகிறதோ வரட்டும் என்று ரோட்டோரமாகக் கடையைப் பார்த்து நடந்தேன்.