மரத்துக்குத் தெற்கே

தபிதாள் விடியற்காலையில் இறந்தாள். நான்கு மணிக்கு அடக்கம். பதினொன்றரை ஆகியும் குழியை எங்கே தோண்டுவது என்று முடிவாகவில்லை.

திருத்தணி சபைக் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. ஐம்பது வருஷம் தாண்டிய குழியை அதே குடும்பத்துக்குத் திறந்து கொடுப்பார்கள். பழைய எலும்புகளைத் துணியில் முடிந்து, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைத்து மூடுவார்கள். அப்படி ஒரு குழி இல்லாதவர்களுக்கு அரக்கோணம் சாலையில் வாங்கிப் போட்ட பொட்டல்.

"என்ன எங்க நைனாகூட வைங்க." மூன்று மாதமாகப் படுக்கையிலிருந்து மகள் ஈவ்லினிடம் தபிதாள் கேட்டது இது ஒன்றுதான்.

நைனா என்றால் தபிதாளின் அப்பா ஏசுவடியான், ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். 1961இல் இறந்தபோது தபிதாளுக்கு ஆறு வயது. குடும்பம் அரக்கோணம் போய், இருபது வருஷம் கழித்துத்தான் திரும்பியது. அடக்கத்தன்று எடுத்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, புளியமரத்துக்கு இடப்பக்கம் பெயர்க்கல் இல்லாத மேட்டைத் தபிதாள் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து கிறிஸ்துமஸ்தோறும் அதற்குச் சுண்ணாம்பு அடித்தாள். மரத்தின் வலப்பக்கமும் அதேபோல் ஒரு மேடு. அதை யாரும் சீண்டியதில்லை.

சபைச் செயலாளர் பூபாலன் பதிவேட்டில் விரலை வைத்தார். "பாரும்மா, 'ஏசுவடியான், மரத்துக்குத் தெற்கே'ன்னு எழுதிக்குது. வாசல்ல நின்னு பாத்தா தெற்கு வலப்பக்கம். நீங்க சுண்ணாம்பு அடிச்சது வடக்க."

"இது தப்பா இருக்கலாம் இல்லிங்களா?" என்றாள் ஈவ்லின்.

"இருக்கலாம்தான். பழச கரையான் தின்ன ஆரம்பிச்சதும் பாத்து எழுதுன நகல் இது. அதான் பயமாக்குது. வேற ஊட்டு எலும்ப எடுத்துட்டா யாரு பதில் சொல்றது? போட்டோவும் இதுவும் ஒத்து வரணும்."

குழி தோண்டும் பங்காரு கடப்பாரையை ஊன்றி நின்றான். "மூணு மணி நேர வேலம்மா. பன்னண்டரைக்குள்ள சொல்லு."

"அக்கா, போதகர் கேட்டுகினே கீறாரு," என்றான் தம்பி ஆல்பின். "பேசாம புது எடத்துக்கே போயிடலாம்."

"வாய மூடு. அம்மா காதுல வுழுந்தா எழுந்து வந்து அறையும்."

சொல்லிவிட்டு ஈவ்லின் போட்டோவை வெயிலில் பிடித்தாள். பின்னால் மதில், ஆகவே வாசல் பக்கமிருந்து எடுத்ததுதான். மேட்டுக்கு வலப்பக்கம் மரம். சந்தேகமே இல்லை. சுற்றிலும் எட்டுப் பேர், நான்கு சட்டைகள்.

சட்டைகள். ஈவ்லினுக்கு முப்பது வருஷத் தையல் வேலை. நான்கு பேருக்கும் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது.

எந்தத் தையல்காரனும் அங்கே பை வைக்கமாட்டான். ஒருவன் வைத்தாலும் நான்கு பேர் போட்டிருக்கமாட்டார்கள். பெண்களைப் பார்த்தாள். எல்லோருக்கும் முந்தானை வலது தோளில்.

"சார், போட்டோவே திரும்பிக்குது!"

"இன்னாம்மா சொல்ற?"

"பிலிம் கண்ணாடி மாதிரிங்க, ரெண்டு பக்கமும் வெளிச்சம் போவும். தலகீழா இல்ல, குப்புறப் போட்டு பிரிண்ட் எடுத்துட்டான். மொகம் அப்படியேதான் வரும், இடம் வலம் மட்டும் மாறிடும். எழுத்து கிழுத்து இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். மரம் இந்தாண்ட இல்ல, அந்தாண்ட!"

பூபாலன் குனிந்து தன் சட்டைப் பையைத் தொட்டார். பிறகு போட்டோவை. பிறகு மறுபடி தன் பையை.

"பங்காரு, தெக்கால தோண்டு."

நான்கடி வரை வெறும் மண். ஈவ்லின் குழியின் விளிம்பை விட்டு நகரவில்லை. சட்டை சரி, பதிவேடு சரி. ஆனாலும் தாத்தா இல்லாமல் போனால்? இரண்டே முக்காலுக்குப் பங்காரு உள்ளேயிருந்து கையை நீட்டினான். பச்சை பூத்த பித்தளைப் பொத்தான்கள், மூன்று.

"ரயில்வே கோட்டும்மா."

ஈவ்லின் பொத்தான்களை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு வெள்ளை மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப வடக்க இருக்கிறது யாருங்க?"

பூபாலன் தேடினார். "ரெண்டு வயசுப் பொண்ணு, ஊரு மணவூரு. வேற ஒண்ணும் எழுதல."

நான்கு மணிக்குப் பெட்டி வந்தது. கயிறு போடும்வரை அதை வெள்ளை மேட்டின்மேல் இறக்கப் போனார்கள்.

"அங்க வெக்காதீங்க," என்று ஈவ்லின் குறுக்கே நின்றாள். "அங்க ஆளு இருக்குது."